சந்தையில் வாங்கிய வேர்

பெர்பெத்துவா கசூபாவின் வகுப்பில் "ஏதோ ஒரு கொடி, மேடம்" என்று ஒரு மாணவன் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் பாடு அதோகதிதான். எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவனை எழுந்து நிற்கச் சொல்வாள்.

"'ஏதோ ஒரு கொடி'ன்னு ஒரு கொடி இந்த உலகத்துல முளைக்கிறதே இல்ல, தம்பி. உன்ன யாராச்சும் 'ஏதோ ஒரு பையன்'னு கூப்பிட்டா உங்கம்மா சும்மா இருப்பாங்களா?"

வகுப்பு சிரிக்கும். நின்றவன் காது சிவக்க நிற்பான். பிராக்டிகல் தேர்வில் ஒரே ஒரு செடியின் பெயரைத் தப்பாக எழுதியதற்காக அவளிடம் தோற்று, மறு வருஷமும் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. முசாசே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் அவளுக்குப் பயப்படாத மாணவனே கிடையாது. அந்தப் பயம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அவள் ம்பிக்கா ஊர்க்காரி, பெம்பா இனத்தவள். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வே குடியிருப்பில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, உதவித்தொகையில் நார்வே வரை போய், பனியிலும் இருட்டிலும் இருமிக்கொண்டே டாக்டர் பட்டம் வாங்கி வந்தவள். கணவன் செம்புச் சுரங்கத்து வேலைக்குப் போன ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், துறையில் யாரும் கேட்கமாட்டார்கள். மகள் புபே பிறந்ததிலிருந்து வகுப்புக்கு வெளியே எல்லாருக்கும் அவள் 'பானா புபே', அதாவது புபேயின் தாய்.

துறையின் உயிர் தேநீர் அறையில் இருந்தது. நடுவில் கறைபடிந்த நீள மேஜை. ஜன்னல் ஓரத்தில் யாரோ ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கென்று கொண்டுவந்து, பிறகு யாரும் எடுத்துப்போகாத கற்றாழைத் தொட்டிகள். பத்து மணிக்கு வறுத்த வேர்க்கடலையும் அவித்த சர்க்கரைவள்ளியும் வரும். கூடவே ஜெரேயின் வாயும் வரும்.

ஜெரே பயிர்நோய்கள் பற்றிப் பாடம் எடுப்பவன். கிழக்கத்திக்காரன், ங்கோனி இனம். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. அந்தக் காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டமும் இன்று மாமன் மச்சானைப்போல ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருக்கவேண்டும். சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

"கடலை போதுமா பானா புபே? இல்ல, குரங்கு வறுவல் ஏதாச்சும் சொல்லி வைக்கட்டுமா?" என்பான் ஜெரே.

"எலி வாலப் பல்லுல கடிச்சு இழுக்குற பரம்பரை குரங்கப் பத்திப் பேசுது பாரு. வாயத் துடச்சுட்டு வா, மீசையில ரோமம் ஒட்டிருக்கு" என்பாள் அவள்.

இப்படித்தான் போகும், நாள்தோறும். துறைத் தலைவர் முபிட்டா பேராசிரியர் இதையெல்லாம் கேட்டுக் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் லோசி இனம். ஆய்வக உதவியாளர் சோங்கோ தோங்கா இனம். அவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு கேலி முறை உண்டு என்பதால் அந்த மேஜையில் மௌனத்துக்கு இடமே இல்லை.

அந்த வருஷம் முபிட்டா ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். மழைக்கு முந்திய வெக்கை மாதம். வெள்ளிக்கிழமை மதியம் பிரிவு விருந்து என்று முடிவாகி, யார் என்ன கொண்டுவருவது என்ற பேச்சு வந்தது. கோழிக்கு ஒருத்தர், சோளக் களிக்கு ஒருத்தர். ஆர்க்கிட் கிழங்கை இடித்துக் கடலையோடு வேகவைக்கும் சிக்காண்டாவுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

"குடிக்க?" என்றார் முபிட்டா. "பாட்டில் சோடா எல்லாம் வேண்டாம். முன்கோயோ குடிச்சு நாளாச்சு."

சோளக் கஞ்சியை ஆறவைத்து, முன்கோயோ வேரை நசுக்கிப் போட்டால் மறுநாளைக்குள் கஞ்சி நீர்த்துத் தித்திக்கும். அதுதான் அந்த பானம்.

"பெம்பாக்காரி இருக்கா. அவளே காய்ச்சட்டும்" என்றான் ஜெரே. "ஆனா ஒண்ணு. ரயில்வே குவாட்டர்ஸ் பெம்பா. அவ வீட்டுல முன்கோயோ பாக்கெட்டுலதான் வந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அது வழக்கமான கேலிதான், ஆனால் உண்மையும்கூட. பெர்பெத்துவாவின் அம்மா தையல்காரி. வேர் தோண்டிக் காய்ச்சுகிற வேலையெல்லாம் அவள் செய்ததில்லை. பெர்பெத்துவா எப்போதாவது காய்ச்சினால் ஸ்டேஷன் சந்தையில் வேர் விற்கும் பானா காதொங்கோவிடம் கட்டு வேர் வாங்கிவந்து காய்ச்சுவாள்.

"நானே தோண்டிக் கொண்டுவரேன், பாரு" என்றாள்.

"இந்த வெயில் காலத்துலயா? இலையே இருக்காதே."

"இலையப் பாத்துச் செடியச் சொல்றது உன்ன மாதிரி ஆளுங்க. எனக்குப் பட்டையும் வாசனையும் போதும்."

சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை. புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டுக்குப் போனாள். தீ வைத்துக் கருகிய தரை. கொடிகள் காய்ந்து நூலாகிக் கிடந்தன. மாணவர்களைக் கூட்டிவந்து பழகிய இடத்தில் முன்கோயோ கிடைத்தது, ஆனால் விருந்துக்குப் போதாது. இன்னும் உள்ளே, ஒரு கறையான் புற்றின் சரிவில், அதே போன்ற காய்ந்த தண்டு ஒன்று தெரிந்தது. மண்வெட்டியால் வெட்டினாள். அதே தடிமன், அதே பழுப்புத் தோல். வாசனைதான் சற்று மங்கலாகத் தோன்றியது. வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் வீட்டில் உரலில் இட்டு நசுக்கும்போது இரண்டு மூன்று வேர்கள் உள்ளே மஞ்சளாக இருந்தன. அவள் கை நின்றது. ஒரு நாரை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது.

சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மாணவன் அந்த வேரை மேஜைமேல் வைத்து "இதுவும் முன்கோயோதான், மேடம்" என்றிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள். முதிர்ந்த வேர், அதனால் கசப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை ஒதுக்கினால் பானம் குறையும், குறைந்தால் சந்தைக்குப் போகவேண்டும், அங்கே அவளைக் கண்டவர் யாராவது ஜெரே காதில் போட்டுவிடுவார்கள். நசுக்கியதை எல்லாம் சேர்த்துக் கஞ்சியில் போட்டு மூடினாள்.

விருந்து நன்றாகத்தான் தொடங்கியது. துறைக்குப் பின்னால் முசாசே மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். முபிட்டா பேசினார். பேசும்போது குரல் உடைந்ததால் எல்லாரும் கைதட்டி அவரை உட்காரவைத்தார்கள். பெர்பெத்துவா இடுப்பில் புது சிட்டெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு, குடத்தைச் சாய்த்து ஒவ்வொரு கோப்பையாக ஊற்றினாள்.

சோங்கோ ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் துறையின் பழைய ஆள். செடி அழுத்தும் பலகைகளும் உலர்த்தும் அடுப்பும் அவர் பொறுப்பு.

"எங்க ஊர்ல இதையே சிப்வாந்துன்னு காய்ச்சுவோம், டாக்டர். அதுல இனிப்பு இருக்கும். இதுல ஏதோ கசக்குது."

"நாக்குல மாட்டு மூத்திரம் காஞ்சு போயிருக்கு, அண்ணே. இன்னொரு கோப்பை குடிங்க, சரியாயிடும்."

தோங்காக்காரர்களின் மாட்டுப் பாசத்தைச் சொன்னால் சிரிக்காதவர் யார்? சோங்கோவும் சிரித்தார், கோப்பையை நீட்டினார். அவள் தளும்பத் தளும்ப ஊற்றினாள். தோற்றுவிடக் கூடாது என்று அவர் அதையும் குடித்து, வீம்புக்கு இன்னொன்றும் குடித்தார். ஊற்றுகிற வேலையில் அவள்தான் அதிகம் குடிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருத்தி மரத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வெயில் என்றார்கள். பிறகு ஜெரே. பிறகு முபிட்டாவின் மனைவி. ஒருவர் பின் ஒருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சோங்கோ நாற்காலியிலிருந்து எழ முயன்றவர் பக்கவாட்டில் சரிந்தார். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை.

பல்கலைக்கழகப் பேருந்திலேயே எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரம் முழுக்கத் தாவரவியல் துறை. மடியில் வாந்திக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஜெரே ஒரு பெஞ்சில் கிடந்தான். இளம் டாக்டர் ஒருவர் வேகமாக வந்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி வாந்தி. நாடி ரொம்பக் குறையுது. என்ன சாப்பிட்டீங்க? முன்கோயோவா? யார் காய்ச்சினது?"

"நான்தான்."

"வேர் எங்க கிடைச்சது?"

கேட்டது சாதாரணக் கேள்வி. சொல்லவேண்டிய பதில் அவளிடம் இருந்தது. கறையான் புற்று, சரிவு, மஞ்சள் வேர். பெஞ்சிலிருந்து ஜெரே தலையைத் தூக்கிப் பார்த்தான். முபிட்டா மனைவியின் கையைப் பிடித்தபடி பார்த்தார். அவளிடம் தோற்றுப்போய் மறுபடி படித்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன், ஆட்களைத் தூக்கிவர உதவியவன், சுவரோரம் நின்று பார்த்தான்.

"சந்தையில வாங்கினது" என்றாள் பெர்பெத்துவா.

"எந்தச் சந்தை?"

"ஸ்டேஷன் சந்தை."

"மிச்சம் வேர் வீட்ல இருந்தா உடனே கொண்டுவாங்க. என்னன்னு தெரிஞ்சா வைத்தியம் சுலபம்."

வீட்டுக்கு ஓடினாள். அடுக்களை மூலையில், புற்றுச் சரிவில் தோண்டியதில் நசுக்காத வேர்கள் மிச்சம் இருந்தன. சந்தை வேர் என்றால் சாண் நீளம் வெட்டி மரப்பட்டையால் கட்டியிருக்கும். இவை மண்ணோடு கை நீளத்துக்கு நெளிந்து கிடந்தன. பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். கரி அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள். ஈர வேர் சீறிக்கொண்டு எரிந்தது. திரும்பிப் போய் டாக்டரிடம், "ஒண்ணும் மிச்சமில்ல" என்றாள்.

மற்றவர்கள் ஓரிரு நாளில் தேறிவிட்டார்கள். சோங்கோ தேறவில்லை. இதயம் விட்டுவிட்டு அடித்தது. எந்த விஷம் என்று தெரியாமல் டாக்டர்கள் குத்துமதிப்பாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தேநீர் அறையில் எல்லாரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உன் மேல என்ன தப்பு? பணத்துக்காக எதையும் கட்டிக் குடுத்துடறாளுங்க" என்றான் ஜெரே, குரல் இன்னும் தேறாமல். "தோண்டறேன்னு சொல்லிட்டுச் சந்தைக்குப் போன இல்ல, அத மட்டும் எனக்கு உடம்பு சரியாகட்டும், அப்புறம் கவனிச்சுக்கறேன்."

நகர சுகாதார ஆய்வாளர்கள் ஸ்டேஷன் சந்தைக்குப் போய் வேர் விற்பவர்களின் வரிசையையே காலி செய்தார்கள். கட்டுகளை லாரியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பல்கலைக்கழக வானொலியிலிருந்து ஆள் வந்து, துறையின் சார்பில் மக்களுக்கு எச்சரிக்கையாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது. தெரியாதவர்களிடம் வேர் வாங்காதீர்கள், விற்பவர்களுக்குப் பயிற்சி இல்லை என்றெல்லாம் பேசினாள். நன்றாகப் பேசினாள். வெளியே வந்தவளுக்குத் தன் முகத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

சோங்கோவைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் அன்று கண் திறந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நமூங்கா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். கணவனோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கி, வெளி முற்றத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா, உக்காருங்க" என்று தன் பாயைத் தட்டிக் கொடுத்தாள். "இவரு நேத்து கஞ்சி குடிச்சாரு. நானும் நேத்துதான் சந்தைக்குப் போனேன். அந்தப் பொம்பள, பானா காதொங்கோவாம், அவளைத் தேடிப் புடிச்சுட்டேன்."

பெர்பெத்துவா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவதான்னு யார் சொன்னா?"

"வேர் விக்கிறவங்கள்ல நீங்க வழக்கமா வாங்குறது அவகிட்டதான்னு சொன்னாங்க. விட்டனா? 'சூனியக்காரி, எத்தன பேரக் கொல்லக் கிளம்பின'ன்னு சந்தையே திரும்பிப் பாக்கத் திட்டினேன். அவ அழுதா. அழட்டும். உங்களுக்காகவும் சேத்துத்தான் திட்டிட்டு வந்தேன், டாக்டரம்மா. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் திட்ட வராது."

அந்த ஊரில் ஒருத்தியைச் சூனியக்காரி என்று சந்தையில் வைத்துச் சொன்னால் அது அவளோடு போகிற சொல் அல்ல. பிள்ளைகளின் கல்யாணம் வரை பின்னாலேயே வரும்.

பெர்பெத்துவா ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஏதோ சொல்லி எழுந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாள். கார் சாவி கையில் இருந்தது. அங்கேயே நின்றாள். வாட்ச்மேன், "யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கட்டிலருகே வந்து முழங்காலிட்டாள். பெரியவர்கள் முன் மன்னிப்புக் கேட்கிற முறையில் குவிந்த கையை மெதுவாகத் தட்டினாள். நமூங்கா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"சோங்கோ அண்ணே, அந்த வேர நான் சந்தையில வாங்கல. நான்தான் காட்டுல தோண்டினேன். நசுக்கும்போதே சந்தேகம் வந்துச்சு. தெரிஞ்சுதான் போட்டேன். டாக்டர் கேட்டப்போ பொய் சொன்னேன். மிச்சத்தை எரிச்சுட்டேன்."

சோங்கோ தலையை அவள் பக்கம் திருப்பினார். "நான் கசக்குதுன்னு சொன்னேனே, டாக்டர்" என்றார். அவ்வளவுதான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திட்டு வரும், அடிகூட விழலாம் என்று அவள் காத்திருந்தாள். நமூங்கா எழுந்து ஆரஞ்சுப் பையை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இத எடுத்துட்டுப் போயிடுங்க" என்றவள், வாசல் தாண்டுவதற்குள் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? முதல்ல அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் சந்தைக்கு வாங்க. என் வாயால ஒருத்தியச் சூனியக்காரி ஆக்கிட்டேன், உங்களால. நான் தனியாப் போயி அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

இளம் டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோண்டிய இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, "அன்னிக்கே சொல்லிருந்தா இவ்வளவு நாள் தடவிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்றார். ஏசியிருந்தால் தேவலாம்.

சந்தையில் வேர் வரிசை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். பானா காதொங்கோ தண்டவாளத்து வேலியோரமாக, யாரோ கடனாகக் கொடுத்த கப்பெந்தா கருவாட்டைக் கூறுகட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண், தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டியிருந்தாள். நமூங்காவைக் கண்டதும் கருவாட்டுத் தட்டை அணைத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"ஓடாத. நான் திட்ட வரல" என்றாள் நமூங்கா. "இவங்க பேசுவாங்க."

பெர்பெத்துவா குனிந்து, குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னாள். தலைத்துணிக்குக் கீழே இருந்த கண் அவளையே பார்த்தது.

"பானா புபே" என்றாள் அவள் கடைசியில். "எங்கிட்ட எத்தன வருஷமா வேர் வாங்குறீங்க. அதிகாரிங்க கேட்டப்போ, 'பானா புபே வரட்டும், எங்கிட்ட வாங்கலன்னு அவங்களே சொல்லுவாங்க'ன்னுதான் நான் சொன்னேன். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ரேடியோவுல உங்க குரலக் கேட்டேன்."

பெர்பெத்துவாவால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சிருங்க, அம்மா."

"இவ திட்டினது இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டுச்சு. நீங்க என் காதுல வந்து சொல்றீங்க. சத்தமா சொல்லுங்க."

"எல்லாருக்கும் நான்…"

"வகுப்புல எப்பிடிப் பேசுவீங்களோ அப்பிடி."

அவள் சந்தையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதல் தடவை குரல் எழவில்லை. தக்காளிக்காரி ஒருத்தி, "என்னவாம்? கேக்கல" என்றாள். மறுபடி சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், பானா காதொங்கோவின் வேரில் விஷம் இல்லை, விஷவேரைத் தோண்டியது தானே என்று சொன்னாள். கூட்டம் கூடிவிட்டது.

"நீங்கதான் பல்கலைக்கழகத்துல செடி டாக்டரா?" என்று செருப்புக்காரன் கேட்டான்.

"ஆமா."

"அப்ப நாங்க கீரை வாங்கணும்னா யாரக் கேக்கறது?"

சந்தை குலுங்கிச் சிரித்தது. நமூங்காவுக்கே உதடு துடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பானா காதொங்கோ மட்டும் சிரிக்கவில்லை. கருவாட்டுக் கூறுகளை மறுபடி சீராக அடுக்க ஆரம்பித்தாள். போகலாம் என்பது அதற்கு அர்த்தம்.

பிறகு சுகாதார அலுவலகத்திலும் வானொலியிலும் துறைக் கூட்டத்திலும் அவள் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சுலபமாகும் என்று எண்ணினாள், ஆகவில்லை. முபிட்டா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, "என் பிரிவு விருந்த யாரும் மறக்கமாட்டாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அடுத்த தலைவர் பதவி அவளுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அது வேறொருவருக்குப் போனது, அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

மழை பிடித்துக் கொஞ்ச நாளில் ஆய்வாளர்கள் வேர் வரிசையைத் திறந்துவிட்டார்கள். பானா காதொங்கோ பழைய இடத்துக்கு வந்தாள். ஆனால் முன்போல ஆட்கள் அவளிடம் நிற்பதில்லை என்று பெர்பெத்துவா காதில் விழுந்தது. சொல் போன வேகத்தில் மறுப்பு போகவில்லை. சோங்கோ வேலைக்குத் திரும்பினார், மெலிந்து, மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். மண் ஆய்வகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிர்ப்பட்டால் "டாக்டர்" என்று தலையசைப்பார்.

எல்லாவற்றையும்விட ஜெரேதான் அவளை வாட்டினான். அவன் திட்டவில்லை. "காலை வணக்கம், டாக்டர் கசூபா. நலமா?" என்று கேட்டுவிட்டுக் கடலையை அவள் பக்கம் நகர்த்துவான். ங்கோனிக்காரன் பெம்பாக்காரியிடம் மரியாதையாகப் பேசினால் அதைவிட அவமானம் வேறில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவளே, "எலி கிடைக்கலையா இன்னிக்கு?" என்று ஆரம்பித்துப் பார்த்தாள். அவன் கொஞ்சம் சிரித்தான், கோப்பையைக் கழுவ எழுந்து போனான். ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்துவிட்டு வந்தும் அவளுக்காகப் பரிதாபப்பட்டவன் அவன். அவளும் அதைப் புரிந்துகொண்டு அப்புறம் அவனைச் சீண்டவில்லை.

மாசி வாக்கில், காடு பச்சையானதும், அவள் தனியாக அந்தக் கறையான் புற்றுக்குப் போனாள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கொடி மறுபடி தழைத்திருந்தது. முன்கோயோவுக்கு மூன்று மூன்றாய் மென்மயிர் படர்ந்த சிற்றிலைகள். இதற்கு வழவழப்பான ஒற்றை இலை, கிள்ளினால் பால். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலை வந்தபின் பார்த்தால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட வேறு வேறு என்று சொல்லிவிடும். மழைச்சேற்றில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூவோடும் வேரோடும் எடுத்து, தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள்.

அதை இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு மேஜைமேல் வைத்துக் காட்டினாள். பெயரையும் குடும்பத்தையும் சொன்னாள். வகுப்பு குறிப்பெடுத்துக்கொண்டது. பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள், புது முகம், வேறு ஊர்.

"மேடம், இத முன்கோயோன்னு யாராச்சும் தப்பா எடுத்துடுவாங்களா?"

முன்வரிசை முழுக்கப் பேனாவை நிறுத்தியது. பக்கத்தில் இருந்தவன் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்திருக்கவேண்டும், அந்தப் பெண் நெளிந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"எடுத்துருக்காங்க" என்றாள் பெர்பெத்துவா. "நான் எடுத்தேன். உக்காரும்மா, சொல்றேன்."

கழுத்திலிருந்து சூடு ஏறி முகமெல்லாம் பரவுவது அவளுக்குத் தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெக்கை மாதத்துப் புதன்கிழமை வகுப்பு முடிந்து தான் காரை எடுத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.